தாளடியை மறந்த நிரல்

இந்த அலுவலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. தூங்குமூஞ்சி அக்கா. யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் காதில் விழாமல் இருக்குமா? மதியச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் சாய்ந்தால் எனக்குக் கண் சொருகிவிடும். ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் ஓடும். தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் அதன் வெளிச்சம் உள்ளே வந்து கூரையில் ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தபடி யாரால் விழித்திருக்க முடியும் என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளாமல் கேட்டால் இன்னொன்றும் சொல்வேன். கணினி நிரல்களில் நான் கண்டுபிடித்த நல்ல நல்ல தவறுகளில் பாதியை அரைத்தூக்கத்தில்தான் கண்டுபிடித்தேன். முழு விழிப்பில் இருக்கும்போது நாம் எழுத நினைத்ததைத்தான் திரையில் படிக்கிறோம். கண் கொஞ்சம் மங்கினால்தான், அங்கே உண்மையில் எழுதியிருப்பது தெரிகிறது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கணேசன் கேட்டார். இந்த நிறுவனத்தின் முதலாளி அவர்தான், உங்களுக்குத் தெரியும். நான் நழுவப் பார்த்தேன். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள் என்பதை நானே பலமுறை அனுபவித்திருக்கிறேன். "லின்ட் எப்படி வந்துச்சுன்னு மட்டும் எழுதுங்கக்கா, போதும்" என்றார். அதை எப்படி நிறுவுவது என்பதை நான் எழுதப்போவதில்லை. இணையத்தில் அதற்கு வேண்டிய மட்டும் கிடக்கிறது. வந்த பிறகு ஒரு காலையில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

லின்ட் என்பது, அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன், நாம் எழுதிய நிரலை ஓட்டிப் பார்க்காமலே வாசித்து, சந்தேகமான வரிகளின் கீழே சிவப்புக் கோடு இழுக்கிற கருவி. எழுதியவர் பெரிய ஆளா, சின்ன ஆளா என்று அது பார்க்காது. அதனாலேயே அதை யாருக்கும் பிடிப்பதில்லை.

எங்கள் நிரல் டைப்ஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. அந்த மொழியில் ஒவ்வொரு தகவலுக்கும் இது இன்ன வகை என்று சொல்லிவைக்கலாம். இது தேதி, இது பரப்பளவு, இது ஊர்ப் பெயர். சொல்லிவைத்துவிட்டால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார முடியாது. சொல்ல அலுப்பாக இருப்பவர்களுக்காக 'எதுவானாலும் சரி' என்று ஒரு வகையும் அதில் உண்டு. நான் சேர்ந்தபோது எங்கள் நிரலில் பாதி இடத்தில் அந்த 'எதுவானாலும் சரி'தான். கல்யாண மண்டபத்தில் யார் வீட்டு ஆள் என்று கேட்காமல் இலை போடுகிற மாதிரி நடந்துகொண்டிருந்தது.

நிரல் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது அது மிகவும் மாறிவிட்டது. அப்போது அறுவடை மிஷின்களை ஊர் ஊராக ஒதுக்குவது ஒன்றுதான் அதன் வேலை. டெல்டாவில் நெல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுக்கும். மிஷின்கள் வெளி மாவட்டங்களிலிருந்து லாரி ஏறி வரும். எல்லோருக்கும் போதாது. யாருக்கு முதலில் என்பது ஏஜெண்டின் செல்போனுக்கும் அவருடைய மனநிலைக்கும் உட்பட்டது. கணேசன் அதைச் செயலிக்குள் கொண்டுவந்தார். விவசாயி தன் வயலையும், அது எந்தப் பருவத்துப் பயிர் என்பதையும் பதிவு செய்துவிட வேண்டும். எந்த ஊரில் பழுத்த நிலம் அதிகமோ, அந்த ஊருக்கு மிஷின் முதலில் போகும். அங்கே முடித்த பிறகுதான் அடுத்த ஊர். விதி அவ்வளவுதான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நிரலில் பெரும்பகுதியை எழுதியவன் செல்வம். உங்களுக்கு அவர் சார், எனக்கு அவன் அவன்தான். குடவாசல் பக்கத்து ஊர்க்காரன், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், ரோஷக்காரன். விவசாயிகள் பதிவு செய்கிற பக்கங்களை எழுதியவள் நசீமா. கூத்தாநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டு வருவதால் அலுவலகத்தில் தூங்கமாட்டாள். இந்த ஒரு விஷயத்தில் அவள்மேல் எனக்குப் பொறாமை உண்டு.

லின்டைக் கொண்டுவந்த முதல் நாள் அதிலுள்ள எல்லா ரூலையும், அதாவது சோதனை விதிகளையும், ஒன்றாகப் போட்டு ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு. இறக்க இறக்க வந்துகொண்டே இருந்தது. செல்வம் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, மிளகாய் காயப் போட்டிருக்கீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. எல்லாம் சிவப்பாக இருந்தால் எதுவும் சிவப்பாக இல்லை என்றுதான் அர்த்தம். இரண்டாம் நாளே எல்லோரும் அதைப் பார்க்காமல் வேலை செய்யப் பழகிவிடுவார்கள். அதனால் பெரும்பாலான ரூல்களை எடுத்துவிட்டேன். வயலுக்கு மிஷின் போகாமல் போய்விடக்கூடிய தவறுகளுக்கான ரூல்களை மட்டும் வைத்தேன். அவற்றையும் பழைய கோப்புகள் எல்லாவற்றின் மேலும் பாய்ச்சவில்லை. இனி யார் எந்தக் கோப்பைத் தொடுகிறார்களோ, அந்தக் கோப்பு மட்டும் முழுவதும் சுத்தமாக வேண்டும். தொடாத கோப்பு அது பாட்டுக்குத் தூங்கட்டும். தூக்கத்தின்மேல் எனக்கு இருந்த மரியாதை அப்படி.

கருவியே திருத்திக் கொடுக்கிற வசதி ஒன்றும் உண்டு. அதை ஓட்டினால் இடைவெளி, அரைப்புள்ளி எல்லாம் வரிசைக்கு வந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகில் மயங்கிவிடாதீர்கள். தவறான வரியும் தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும்.

ஏதாவது ஒரு வரிக்கு மட்டும் எச்சரிக்கையை அணைத்துவைக்க வேண்டுமென்றால், ஏன் என்று பக்கத்திலேயே தமிழில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தேன். செல்வம் எழுதிய காரணங்களை இப்போதும் பழைய கோப்புகளில் பார்க்கலாம். 'எனக்குத் தெரியும்'. 'அப்புறம் பார்த்துக்கலாம்'. ஒரு இடத்தில் 'அக்கா தூங்குறாங்க'. அன்று உண்மையில் தூங்கித்தான் போயிருந்தேன்.

கடைசியாக ஒரு காவலையும் போட்டோம். சிவப்புக் கோடு ஒன்று மிச்சமிருந்தாலும் ரிலீஸ், அதாவது புதிதாக மாற்றிய நிரல், வெளியே போகாது. உயிர் போகிற அவசரம் என்றால் அந்தக் காவலைத் திறந்துவிடும் உரிமையை என் பெயரில் மட்டும் வைத்தார் கணேசன். ஒரே ஒரு சொடுக்குதான். அக்கா நிதானமான ஆள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. தூக்கத்தையும் நிதானத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இனி அந்தக் காலை.

பொங்கல் முடிந்த வாரம். சம்பா பழுத்துவிட்டது. எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மனைக்கட்டாக மாறாமல் மிஞ்சியிருந்த வயல்கள் பழுப்பும் மஞ்சளுமாகக் கிடந்தன. தைமாதக் காலையில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பனி இறங்குமே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், அதற்குள் எல்லாம் மிதக்கிற மாதிரி இருந்தது. தென்னை மரங்களுக்கு அடி இல்லை, நுனி மட்டும்தான். மாடுகள் பாதி தெரிந்தன. நான் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வருடத்தின் முதல் பெரிய ஒதுக்கீடு மறுநாள் போக வேண்டும். எல்லாம் தயாராக இருந்தது.

அப்போதுதான் கணேசன் படி ஏறி வந்தார். கடலில் தாழ்வு நிலை உருவாகிவிட்டது, நாளை மறுநாள் மழை என்கிறார்கள் என்றார். நிற்கிற கதிரில் மழை விழுந்தால் பயிர் சாய்ந்துவிடும். சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். தை மழையைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஒதுக்கீட்டை இன்னிக்கே விட்டுடுவோம். மிஷின் வண்டியெல்லாம் பைபாஸ்ல வந்து நிக்குது. மதியத்துக்குள்ள ஊர் பேர் சொல்லலைன்னா டிரைவருங்க வேற ஏஜெண்ட் பின்னாடி போயிடுவாங்க. செல்வம், தேதியை ஒரு நாள் முன்னாடி தள்ளிடுறியா?"

"ஒரு வரி சார். அஞ்சு நிமிஷம்" என்றான் செல்வம்.

அந்தக் காலையில் அவனுக்கு என்ன அவசரம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் அப்பாவின் சம்பா பழுத்து நின்றது. அவர்களுக்கு ஒரே போகம். போர்க்கிணறு கிடையாது, ஆற்றுத் தண்ணீரை நம்பிய வயல். இது போனால் அடுத்த தை வரை கையில் எதுவும் இல்லை. வருடா வருடம் அவன் அப்பா ஏஜெண்ட் ஒருவரிடம் சொல்லித்தான் மிஷின் வரவழைப்பார். அந்த வருடம் ஏஜெண்ட் கேட்டதற்கு, வேண்டாம், என் மகன் எழுதியதிலேயே வரட்டும் என்று சொல்லிவிட்டார். செல்வம் இதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தின நாள் ஓட்டிப் பார்த்த ஒத்திகைப் பட்டியலில் அவன் ஊர் முதல் வரிசையில் இருந்தது. அப்பாவுக்குப் போன் செய்து சொல்லியும் விட்டான்.

ஒரு வரியை மாற்றினான். ரிலீஸுக்கு அனுப்பினான். காவல் தடுத்துவிட்டது.

"நான் தொட்டதே ஒரு வரி அக்கா. இது என்னமோ பழைய வரியைப் புடிச்சுக்கிட்டு நிக்குது."

ஒதுக்கீட்டுக் கோப்பு அதுவரை யாரும் தொடாத கோப்பு. தூங்கிக்கொண்டிருந்தது. அவன் தொட்டதும் விதிப்படி முழுவதும் சோதிக்கப்பட்டது. முந்தின வருடம் அவன் எழுதிய ஒரு பகுதியின் கீழே சிவப்புக் கோடு. செய்தியும் சின்னதுதான். பருவம் என்ற வகையில் மூன்று மதிப்புகள் உள்ளன, தாளடிக்கு என்ன செய்வது என்று இங்கே சொல்லப்படவில்லை.

"நெல்லு காய்ஞ்சு நிக்குது, இது இலக்கணம் பாத்துக்கிட்டு இருக்கு. அக்கா, இந்த ஒரு தடவை திறந்து விடுங்க. மழை முடிஞ்சதும் நானே உக்காந்து சரி பண்ணித் தர்றேன்."

கணேசனும் என்னைப் பார்த்தார். அவர் கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்தால் பைபாஸிலிருந்து யாரோ கத்துவார்கள் என்று எடுக்கவில்லை. "இன்னிக்கு ஒரு நாள்தானேக்கா" என்றார்.

நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். திறக்கிற பக்கத்தையும் வரவழைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அழுத்தத்தான் போனேன். அந்த நேரத்தில் எனக்குப் பெரிய ஞானம் ஒன்றும் உதிக்கவில்லை. பனி இன்னும் விலகவில்லை. அறையில் எல்லோரும் எங்கோ தொலைவில் நின்று பேசுவதுபோல இருந்தது. சிவப்புக் கோட்டின் கீழே இருந்த அந்தச் சொல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளடி. பார்க்கப் பார்க்க அந்தச் சொல் தனியாக நின்றது. முதல் போகமான குறுவைக்கு ஒரு வழி எழுதியிருந்தது. மற்றதெல்லாம் இப்படி என்று சம்பாவுக்கு ஒரு வழி எழுதியிருந்தது.

"தாளடி எங்க போச்சு செல்வம்?" என்று கேட்டேன். குற்றம் சாட்டவில்லை. தூக்கக் கலக்கத்தில் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

"சம்பா தாளடி எல்லாம் ஒண்ணுதானேக்கா, அது..."

சொல்லும்போதே அவன் கை பட்டியலைத் தேடிப் போனது.

சம்பா தாளடி என்று நாம் ஒரே மூச்சில்தான் சொல்வோம். வாய்க்கு அது ஒரே சொல். ஆனால் வயலில் அப்படி இல்லை. குறுவை அறுத்த வயலிலேயே அதே வருடம் மறுபடி நடுவது தாளடி. சம்பாவுக்குப் பிந்தித்தான் நடுவார்கள், பிந்தித்தான் பழுக்கும். முந்தின வருடம் நாங்கள் வேலை பார்த்த வேதாரண்யம் பக்கத்து ஊர்களில் தாளடி என்ற பேச்சே இல்லை, பதிவிலும் அந்தப் பெயர் இல்லை. அந்த வருடம் ஊர்கள் கூடியதால் நசீமா பதிவுப் பக்கத்தில் தாளடியைச் சேர்த்தாள். வகையில் மூன்றாவது மதிப்பு வந்துவிட்டது. ஒதுக்கீட்டுக் கோப்புக்கு அது தெரியாது. வெளியூர்க்காரர் எவராவது அந்த வரியை எழுதியிருந்தால் தாளடி என்றால் என்ன என்று கேட்டிருப்பார், வேறு வேறு என்று தெரிந்திருக்கும். நமக்குத் தெரிந்த சொல் என்பதால் நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஒத்திகைப் பட்டியலை நான்கு பேரும் பார்த்தோம், நான்கு பேருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

செல்வம் பட்டியலில் தன் ஊரைத் திறந்தான். உரக்கப் படிக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"எங்க வயலுக்கு அண்டையில மாமா வயலு. போர் போட்டிருக்காரு. குறுவை அறுத்துட்டுத் தாளடி நட்டாரு. இப்பதான் பால் புடிக்குது. பச்சையா நிக்குது அக்கா. அதுக்கு நாளைக்கு மிஷின் போட்டு வச்சிருக்கு."

"எத்தனை ஊர்ல இப்படி?" என்றார் கணேசன்.

நசீமா அதற்குள் தேட ஆரம்பித்திருந்தாள். மேலே, ஆறு பிரிகிற பக்கத்து ஊர்களில் நிறைய. பச்சை வயல்களையெல்லாம் பழுத்தது என்று கணக்கில் சேர்த்து, அந்த ஊர்களுக்கு மிஷின்கள் முதலில் போவதாக இருந்தது. போகிற மிஷின் வரப்பில் நின்று திரும்பும். அதற்குள் தெற்கே நிஜமாகப் பழுத்த ஊர்களில் மழை இறங்கிவிடும்.

கணேசன் போனை எடுத்து, டிரைவர்களிடம் சாப்பாடு வாங்கித் தருகிறேன், நகராமல் இருங்கள் என்று கெஞ்ச ஆரம்பித்தார். அவர் அவ்வளவு கெஞ்சி நான் பார்த்ததில்லை. நசீமா ஒவ்வொரு ஊரிலும் எங்கள் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளராகக் கூப்பிட்டு, தாளடி எப்போது அறுப்பாகும் என்று கேட்டுச் சொல்லச் சொல்ல, செல்வம் தாளடிக்கு வழி எழுதினான். சிவப்புக் கோடு போய்விட்டது. மறுபடி ஒதுக்கீட்டை ஓட்டினோம். புதுப் பட்டியல் வந்தது.

செல்வத்தின் ஊர் முதல் வரிசையில் இல்லை.

யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாமா வயலையும் அவரைப் போன்ற மற்றவர்களின் பச்சை வயல்களையும் சேர்த்து எண்ணியதால்தான் அந்த ஊருக்கு முதல் இடம் கிடைத்திருந்தது. அவற்றை எடுத்துவிட்டால் அங்கே பழுத்த நிலம் என்று இருப்பது செல்வத்தின் அப்பா வயலும் இன்னும் சில துண்டுகளும்தான். அவர்களுக்கு என்று இருந்த மிஷின் இப்போது தெற்கே ஒரு ஊருக்குப் போகும். அந்த ஊர் முழுக்கச் சம்பா, முழுக்கப் பழுத்தது, பெரும்பாலும் குத்தகைக்காரர்கள். அதை முடித்துவிட்டுக் குடவாசல் பக்கம் திரும்புவதற்குள் மழை வரும் என்று சொல்லியிருக்கும் நாள் வந்துவிடும்.

நான் அவனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன். பனி போய்விட்டிருந்தது. வெயில் அடித்தது. மழை வரும் என்று யாராவது சொன்னால் சிரிக்கத் தோன்றும், அப்படி ஒரு வெயில். வாய்க்காலில் ஒரு கொக்கு நின்றது. உலகத்தில் எதுவும் நடக்கவில்லை என்று அது நினைத்துக்கொண்டிருந்தது.

"உங்க அப்பா வயலை மட்டும் நான் கையால மேல ஏத்திடுறேன்யா. ஒரு மிஷின்தானே" என்றார் கணேசன். நல்ல மனுஷன், மனசு பொறுக்கவில்லை.

"ஒரு மிஷின்னா ஒரு ஊரு சார்" என்றான் செல்வம்.

அப்புறம் என் பக்கம் திரும்பினான். குரல் மிகவும் தணிந்திருந்தது. "அக்கா, பழைய லிஸ்ட்டையே விட்டுட்டா என்னாகும்?"

அது கேள்வி இல்லை. என்னாகும் என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். நான் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. திறக்கிற பக்கம் என் திரையில் இன்னும் அப்படியே இருந்தது. அவன் அப்பாவை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். செல்வத்தின் மகள்களுக்குக் காதுகுத்து என்று போயிருந்தபோது, மிஷின் எழுதுற ஆபீஸ்காரங்க வந்திருக்காங்க என்று எல்லோருக்கும் எங்களைக் காட்டிக் காட்டிச் சொன்னார்.

செல்வம் இன்னொரு முறை கேட்கவில்லை. திரும்பி உட்கார்ந்து, புதுப் பட்டியலை அவனே வெளியே விட்டான். பிறகு போனை எடுத்துக்கொண்டு மாடி வராந்தாவுக்குப் போனான். கதவு திறந்திருந்ததால் பேசியது கேட்டது.

"அப்பா, மிஷின் நாளைக்கு வராதுப்பா. தள்ளிப் போகுது... இல்ல, ரிப்பேர் எல்லாம் இல்ல. வேற ஊர்ல நெறைய பழுத்துக் கெடக்கு, அங்க போகுது... ஆமா, நம்ம லிஸ்ட்டுதான். நான்தான் போட்டேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று தெரியாது. சீக்கிரமே பேசி முடித்துவிட்டான்.

சொன்ன நாளுக்கு முன்னாலேயே மழை வந்தது. மறுநாள் மதியம் வெயிலோடு வெயிலாக ஒரு இருட்டு மேற்கே நகர்ந்தது. எனக்குக் கண் சொருகுகிற நேரம், அன்று சொருகவில்லை. வயலில் முதலில் காற்று நடந்தது, பிறகு மழை நடந்தது. கதிர்கள் ஒரு பக்கமாகச் சாய்வதை ஜன்னலிலிருந்தே பார்த்தோம். சத்தமே இல்லை. கண்ணாடிக்கு வெளியே நடப்பது எல்லாம் வேறு யாருடைய தூக்கத்திலோ நடப்பதுபோல் இருந்தது. செல்வம் லீவில் ஊருக்குப் போய்விட்டிருந்தான். அவன் நாற்காலியை யாரும் பார்க்கவில்லை.

தெற்கே அந்த ஊரில் பட்டியல் போன மாலையே மிஷின் இறங்கியதால், பெரும்பகுதி வயல்களை மழைக்கு முன் அறுத்துவிட்டார்கள். பொறுப்பாளர் சொல்லி நசீமாவுக்குத் தெரிந்தது. அந்த ஊரிலிருந்து யாரும் எங்களைக் கூப்பிட்டு நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? மிஷின் வந்தது, அறுத்தது, போனது. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். இந்த வேலையில் சரியாகச் செய்வதற்குக் கிடைக்கிற கூலி பெரும்பாலும் இதுதான். ஒன்றும் நடக்காமல் இருப்பது. ஒன்றும் நடக்காததற்காக யாரும் வந்து கையைப் பிடித்துக்கொள்ளமாட்டார்கள். அதற்குப் பழகிக்கொள்ளுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல ஆசைதான், எனக்கே அது முழுதாகப் பழகவில்லை.

குடவாசல் பக்கம் தண்ணீர் வடிய நேரமாயிற்று. வடிந்த பிறகு சேற்றில் இறங்குகிற பெல்ட் வண்டியைக் கணேசன் எப்படியோ பிடித்து அனுப்பினார். சாய்ந்த கதிரில் முளை விட்டிருந்தது. அறுத்தார்கள். வந்ததை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி நான் அதிகம் கேட்கவில்லை.

செல்வம் திரும்பி வந்த காலையிலும் பனி இருந்தது. காலில் சேற்றுப் புண்ணுக்கு மஞ்சள் பூசியிருந்தான். ஷூ போடவில்லை, செருப்புதான். பையை வைத்துவிட்டு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். என்ன சொல்வது என்று நான் அதற்கு முந்தின நாளெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"அப்பா எப்படி இருக்கார்?" என்றேன்.

"இருக்காருக்கா. ஒண்ணுமே கேக்கல. கேட்டு ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ரெண்டு வேளையும் எனக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாரு."

நசீமா எழுந்து, அவனுக்குத் தேநீர் கொண்டுவரப் போனாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. நான் என் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்தால் தெரிந்துவிடும்.

அவன் போகாமல் அங்கேயே நின்றான்.

"அக்கா, காவலைத் திறந்து விடுற பர்மிஷன் உங்க பேர்ல இருக்குல்ல. அதை எடுத்துடட்டுமா? யாருக்கும் வேணாம். உங்களுக்கும் வேணாம், சாருக்கும் வேணாம்."

"ஏன் செல்வம்? நான் திறக்கலையே."

"நான் இன்னொரு தடவை கேட்டிருந்தா திறந்திருப்பீங்க அக்கா."

இல்லை என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன். அவன் கோபமாக இல்லை. என்னைக் குறை சொல்லவும் இல்லை. நான் சொல்கிற பதிலுக்காகப் பொறுமையாக நின்றான், பொய் சொன்னாலும் கேட்டுக்கொள்வான் போலிருந்தது.

"எடுத்துடு" என்றேன்.